இடப்பக்கம் தீட்டிய அரிவாள்

என் அண்ணன் செத்துப்போனதை நாங்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டோம். அவனுடைய வெட்டரிவாள் மட்டும் வெகுநாள் ஒப்புக்கொள்ளவில்லை. இதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. என் முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்களுக்கு வேட்டியைத் தூக்கிக் காட்டுவதில் எனக்குக் கூச்சமில்லை.

கீழப்பழுவூருக்குக் கொஞ்சம் வெளியே எங்கள் கொல்லை. ஆடி மாதத்தில் ஒருநாள் அண்ணன் வேலியில் மண்டிக்கிடந்த சீமைக் கருவேலத்தை வெட்டி முடித்தான். அரிவாளைத் தொட்டித் தண்ணீரில் கழுவினான். ஆமணக்கெண்ணெய் தடவி மோட்டார் கொட்டகை ஆணியில் மாட்டினான். பிறகு வரப்பில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். பீடி பாதிகூட எரியவில்லை. மாரடைப்பு என்றார்கள். வேலையை முழுசாக முடித்துவிட்டுத்தான் செத்தான். எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கம் இருந்த கடைசி ஆள் அவன்.

நான் அரியலூரில் ஒரு கல்லூரி நூலகன். புத்தகங்களை எடுத்த இடத்தில் வைப்பது தவிர வேறு உடலுழைப்பு அறியாதவன். இரும்பைப் பற்றி, உருக்கைப் பற்றி, ஆயுதங்களின் வரலாற்றைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். ஒரு தேங்காயை உரிக்கச் சொன்னால் கடைக்குப் போய் உரித்த தேங்காய் வாங்கி வருவேன். அண்ணன் போனபிறகு, அவன் மகளும் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போய்விட, கொல்லையில் அண்ணியும் ஆடுகளும்தான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் ஒத்தாசை செய்துவிட்டு வரும்படி என் மனைவி என்னை பஸ் ஏற்றிவிட்டாள். ஒத்தாசை என்ற சொல்லை அவள் எந்த அர்த்தத்தில் பயன்படுத்தினாள் என்று தெரியவில்லை. நான் போனால் அண்ணிக்கு ஒரு ஆளுக்குக் கூடுதலாகச் சோறு வடிக்கும் வேலை வந்தது. அதுதான் உண்மை.

அந்த அரிவாளைப் பற்றிச் சொல்லவேண்டும். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம். நுனி கொக்குபோல வளைந்திருக்கும். முதுகு தடிப்பு. எங்கள் மண் கரிசல். மழை பெய்தால் செருப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும். இந்த மண்ணில் இரும்பைக் காப்பாற்றுவது கைக்குழந்தையைக் காப்பாற்றுவது மாதிரி. கருவேலத்தின் பால் அரிவாளின் வாயில் பிசினாக ஒட்டும். சாம்பலும் மண்ணெண்ணெயும் போட்டுத் துடைக்கவேண்டும். கோடையில் பிடி வற்றிப்போய் ஆடும். தண்ணீரில் ஊறப்போட்டு, சைக்கிள் டியூப் கிழித்து இறுக்கிச் சுற்றவேண்டும். மழைக்காலத்தில் ஒரு ராத்திரி ஈரத்தோடு விட்டால் காலையில் செம்மண் பூசினதுபோலத் துரு.

கூர் பிடிப்பதுதான் பெரிய பாடு. எங்கள் பக்கத்தில் கல்லுக்குக் குறைவில்லை. நாடெங்கும் வீடு கட்ட எங்கள் கல்தான் லாரி லாரியாகப் போகிறது. ஆனால் அது சுண்ணாம்புக் கல். அதில் அரிவாளைத் தீட்டினால் கல்தான் கூராகும். அதே கல் ஆலைக்குள் போய் சிமெண்டாகத் திரும்பிவந்து, ஆற்று மணலோடு சேர்ந்து தண்ணீர்த் தொட்டியின் விளிம்பாக ஆனபிறகு மட்டும் அரிவாளுக்கு உதவும். மனுஷனைப்போலத்தான், நாலு இடம் போய் அடிபட்டு வந்தால்தான் உபயோகம் என்று அண்ணன் சொல்வான். அப்போது என்னைத்தான் பார்த்துச் சொல்வான்.

தொட்டியின் மேற்கு மூலையில் அவன் தீட்டுகிற இடம் இருந்தது. தண்ணீரை அள்ளி விட்டு, அரிவாளைப் படுக்கவைத்து, நீளமாக இரண்டு இழுப்பு, குட்டையாக ஒரு இழுப்பு. மறுபக்கத்தைத் தீட்டமாட்டான். பிசிறு போக ஒரு தடவு தடவுவான், அவ்வளவுதான். வருஷக்கணக்கில் தீட்டித் தீட்டி அந்த விளிம்பு ஒருபக்கம் சாய்ந்து, பள்ளம் விழுந்து, அவன் கைக்கு வார்த்ததுபோல ஆகிவிட்டது.

அவன் இடதுகைக்காரன். பள்ளிக்கூடத்தில் அடித்து அடித்து எழுதுவதை வலதுகைக்கு மாற்றினார்கள். சாப்பாட்டை வீட்டில் மாற்றினார்கள். சோறும் எழுத்தும் வலதுகைக்கு, இரும்பு இடதுகைக்கு என்று அவனே பாகம் பிரித்துக்கொண்டான். அந்தப் பாகப்பிரிவினையில் வழக்கு வரவில்லை.

காரியம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். ஆடுகளுக்குத் தழை வெட்டித் தருகிறேன் என்று நான் அந்த அரிவாளை ஆணியிலிருந்து எடுத்தேன். தைரியத்துக்குக் காரணம் அறியாமை. கருவை மரத்தின் ஒரு கிளையைக் குறிபார்த்து ஓங்கினேன். அரிவாள் கிளையில் பட்டது, பதியவில்லை. பட்டையைச் சீவிக்கொண்டு வழுக்கி என் காலைத் தேடி வந்தது. வேட்டி மடிப்பு தடுத்திராவிட்டால் இதை நான் ஒற்றைக்காலில் நின்று எழுதிக்கொண்டிருப்பேன்.

அண்ணி ஓடிவந்து மஞ்சளை வைத்து அழுத்திக் கட்டினார். கட்டிக்கொண்டே சிரித்தார். அண்ணன் போனபிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

“அது ஒங்க அண்ணன் கை தம்பி. அவரைத் தவிர யாருக்கும் கட்டுப்படாது” என்றார்.

வலியில் எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. பஸ்ஸில் திரும்பிப்போகும்போதுதான் யோசித்தேன். இடக்கையால் ஒரு பக்கம் மட்டுமே தீட்டிய இரும்பு, அதன் சரிவு இடப்பக்கம் இருக்கிறது. வலதுகையால் வெட்டினால் அது மரத்துக்குள் போகாமல் மரத்தைவிட்டு விலகத்தான் பார்க்கும். கணக்கு சரியாக இருந்தது. ஆனாலும் செத்தவன் ஒருத்தன் இன்னும் ஒரு திசையைக் காட்டிக்கொண்டிருக்கிறான் என்பது அந்தக் கணக்கில் அடங்கவில்லை.

அடுத்த வாரம் அரியலூர்ச் சந்தையில் ஒரு புது அரிவாள் வாங்கிப்போய்க் கொடுத்தேன். அண்ணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்லாயிருக்கு என்று சொல்லி, பரணில் வைத்துவிட்டார். அவர் எடுத்தது பழைய அரிவாளைத்தான். முதலில் அவருக்கும் அது வழுக்கியது. விரலில் துணி, மணிக்கட்டில் துணி என்று ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கட்டு. மறுபக்கமும் தீட்டினால் சரியாகிவிடும் என்று சொன்னேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில், அண்ணன் போட்டோவுக்கு மீசை வரைந்துவிடலாம் என்று நான் சொன்னமாதிரி இருந்தது.

கார்த்திகைவாக்கில் ஒருநாள் மத்தியானம் போனேன். கொல்லைக்குள் நுழையும்போதே தொட்டிப்பக்கம் சத்தம். நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று. என் கால் தானாக நின்றுவிட்டது. கையில் வாழைப்பழச் சீப்பு வைத்திருந்தேன். அதைக் கேடயம்போல நெஞ்சில் அணைத்துக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. எட்டிப் பார்த்தால் அண்ணி. அதே மூலை, அதே பள்ளம். அந்தப் பள்ளத்தில் யார் வைத்துத் தீட்டினாலும் இழுப்பு அப்படித்தான் வரும், கூரும் அந்தப் பக்கம்தான் விழும். தீட்டி முடித்து எழுந்து, வாதநாராயணன் மரத்தடிக்குப் போய் ஒரு கிளையை வெட்டினார். இடதுகையால். சுத்தமாக, ஒரே வெட்டு. சேலையை வரிந்து கட்டி, தலையில் அண்ணனின் பழைய துண்டு. பின்னாலிருந்து பார்த்தால் தோளின் சாய்வுகூட அவனுடையது.

“கை காயம் ஆவுறதுக்குப் பதிலா கையை மாத்திக்கிட்டேன். இப்ப சொன்ன பேச்சு கேக்குது” என்றார்.

நான் பார்த்ததைப் பக்கத்துக் கொல்லை அம்மாளும் பார்த்திருக்கிறாள். அவளுக்குக் கூரின் சரிவைப் பற்றி யோசிக்க அவசியமில்லை. ஐம்பது வயதுவரை வலதுகையால் வேலை செய்த ஒருத்தி, புருஷன் செத்த நாலாம் மாதம் இடதுகையால் வெட்டுகிறாள். புருஷன் இடதுகைக்காரன். செத்ததோ அகாலத்தில், கொல்லையிலேயே. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? பேச்சு கீழப்பழுவூரில் பஸ் ஏறி, பெரம்பலூரில் பஸ் மாறி, அண்ணி பிறந்த அரும்பாவூருக்கு என்னைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அரும்பாவூரில் அண்ணியின் அண்ணன் இருக்கிறார். நெல் வியாபாரம். எனக்கு மச்சான் முறை. நல்ல மனுஷர், தங்கச்சி என்றால் உயிர். அதுதான் ஆபத்தாகப் போயிற்று. அவர் போனில் என்னிடம் அழாத குறை. வீட்டைப் பூட்டி ஆடுகளை விற்றுவிட்டு, தங்கச்சியை அழைத்துக்கொண்டு போகப் போகிறார். முதலில் பேய் விரட்டும் கோயில் ஒன்றில் ஒரு மண்டலம் வைத்திருப்பது. அப்புறம் காலத்துக்கும் அரும்பாவூரில் தன் வீட்டோடு. ஞாயிற்றுக்கிழமை பூசாரியோடு வருகிறேன், நீங்களும் இருங்க மாப்ள என்றார்.

அண்ணியிடம் சொன்னேன். அவர் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“அங்க போனா எனக்கு ஒரு மூலை குடுப்பாங்க தம்பி. நல்லாத்தான் வச்சிக்குவாங்க. ஆனா ஒரு மூலைதான். நான் இந்தக் கொல்லைய வுட்டு வரமாட்டேன்” என்றார். மண்டலக் கணக்கில் கோயிலில் இருந்துவிட்டு வந்தவளை, பேய் போனாலும் ஊர் பேய் பிடித்தவள் என்றுதான் கூப்பிடும். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஞாயிறு காலை கார் வந்தது. மச்சான் இறங்கினார். பின்னால் பூசாரி, கையில் உடுக்கை, சட்டைப்பையில் செல்போன். பூசாரி சாது. மோர் குடித்தார், ஆட்டுக்குட்டியைத் தடவிக்கொடுத்தார், எந்தக் கல்லூரி சார் என்று என்னைக் கேட்டார். பிறகு வழிமுறையைச் சொன்னார். வேப்பிலை அடிக்கவேண்டும். அந்தக் கொப்பை யார்மேல் சந்தேகமோ அவர்தான் தன் வலதுகையால் வெட்டித் தரவேண்டும். புழங்குகிற அரிவாளாலேயே வெட்டவேண்டும். வெட்டிவிட்டால் உடம்பில் ஒன்றுமில்லை. கை வரவில்லை என்றால் உள்ளே இருக்கிறவர் தடுக்கிறார் என்று அர்த்தம்.

இது எவ்வளவு பெரிய விபத்து என்பது அந்த இடத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் புரிந்தது. என் கால் தழும்புகூட ஒருமுறை அரித்தது.

அண்ணி மறுக்கவில்லை. தொட்டியோரம் இருந்த வேம்பின் தாழ்ந்த கொப்பை இடதுகையால் பிடித்து, அரிவாளை வலதுகையில் எடுத்து ஓங்கினார். வழுக்கியது. இன்னொரு தடவை. பட்டை உரிந்தது, கொப்பு அப்படியே இருந்தது. மறுபடி ஓங்கினபோது அரிவாள் கொப்பைவிட்டு விலகி அடிமரத்தில் போய்க் குத்தி நின்றது.

பூசாரி உடுக்கையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மச்சான் கைகூப்பிவிட்டார். “மாப்ள, ஒங்களுக்கு நாங்க என்ன கொறை வச்சோம்? எம் பாப்பாவை வுட்டுருங்க மாப்ள. அது ஒண்டியா நின்னுக்கிட்டுருக்கு” என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பாப்பா என்பது ஐம்பது வயது அண்ணி. மாப்ள என்றது என்னையல்ல. என் தோளுக்குப் பக்கத்தில் வெறும் காற்றைப் பார்த்துச் சொன்னார். நான் திரும்பிப் பார்த்தேன். படித்தவன்தான். இருந்தாலும் திரும்பிப் பார்த்தேன்.

பிறகு எனக்குப் பேச்சு வந்தது. வந்தால் நிற்காது. கூர் என்றால் என்ன, சரிவு என்றால் என்ன, இடக்கை வலக்கை, தொட்டி விளிம்பின் பள்ளம் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். கல்லூரியில் என் பேச்சை எவ்வளவு பேர் கேட்பார்களோ அவ்வளவு பேர்தான் இங்கும் கேட்டார்கள். கடைசியில், நம்பாவிட்டால் நீங்களே வெட்டிப் பாருங்கள் மச்சான் என்று அரிவாளை அவர் கையில் கொடுத்தேன்.

மச்சான் நெல் மூட்டையைத் தனியாளாகத் தூக்குகிறவர். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு போடு போட்டார். அரிவாள் பட்டையைச் சீவி வழுக்கிக் கீழே வந்து, அவருடைய செருப்பு வாரை அறுத்துக்கொண்டு மண்ணில் குத்தியது. ஆள் வெளுத்துவிட்டார். நான் பூசாரியைப் பார்த்தேன். அவர் ஓர் எட்டு பின்னால் போனார்.

“சாமி காரியம் பாக்குறவன் ஆயுதம் எடுக்கக்கூடாதுங்க சார்.”

என் நிரூபணம் வெற்றி, என் விளக்கம் தோல்வி. மண்ணில் குத்தி நின்ற அரிவாளை எடுக்க யாரும் குனியவில்லை. பூசாரிதான் முடிவு சொன்னார். அம்மாமேல் ஒன்றுமில்லை. இருக்கிறது இரும்பில். அதைத் தொடுகிறவர்கள் எல்லோரையும் அது திருப்புகிறது. இரும்பைக் கொள்ளிடத்தில் போட்டுவிட்டால் அம்மா எங்கேயும் போகவேண்டியதில்லை. இல்லையென்றால் கோயில்தான்.

மச்சானுக்கு உயிர் வந்தது. “குடுத்துடு பாப்பா. நான் ஆத்துப்பக்கம் சுத்திக்கிட்டுப் போயி போட்டுட்டுப் போயிடுறேன். அப்பறம் நீ இங்கயே இரு, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்” என்றார்.

அண்ணி குனிந்து அரிவாளைப் பிடுங்கினார். முந்தானையால் மண்ணைத் துடைத்தார். நேரமெடுத்துத் துடைத்தார். கொடுக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“ஆத்துல போட வேணாம்ண்ணே. நானே அவரை அனுப்பி வைக்கிறேன்” என்றார்.

தொட்டிக்குப் போனார். மேற்கு மூலைக்கு இல்லை, கிழக்கு மூலைக்கு. அங்கே விளிம்பு போட்ட நாள் மாதிரியே சொரசொரப்பாக, சமமாக இருந்தது. தண்ணீரை அள்ளி விட்டார். அரிவாளைப் புரட்டிப்போட்டு, அதுவரை தீட்டியே அறியாத அந்தப் பக்கத்தைத் தீட்ட ஆரம்பித்தார். அந்தச் சத்தத்தில் தாளம் எதுவும் இல்லை. ஒரே இழுப்பு, மறுபடி அதே இழுப்பு. கரகரவென்று பல் கூசியது.

வெகுநேரம் ஆயிற்று. தடித்த இரும்பு, வருஷக்கணக்கில் ஒரு பக்கம் போனதை ஒரு காலையில் நடுவுக்குக் கொண்டுவரவேண்டும். மச்சான் நான் தீட்டித் தருகிறேன் என்றார், அண்ணி கொடுக்கவில்லை. நான் செம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த ஒத்தாசை அது. சாம்பல் நிறத்தில் சேறு கசிந்து தொட்டிச் சுவரில் வழிந்தது. அது இரும்பும் சிமெண்டும் கலந்த சேறு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஊற்றுகிற தண்ணீரை அதன்மேல் படாமல் ஓரமாக ஊற்றினேன். எதற்கென்று கேட்காதீர்கள்.

நடுவில் ஒருமுறை அண்ணி நிறுத்தி, கட்டைவிரல் நகத்தில் கூரை வைத்துப் பார்த்தார். உதடு அசைந்தது. யாரிடம் என்ன சொன்னார் என்பது என் காதில் விழவில்லை. மறுபடியும் குனிந்துகொண்டார். உடுக்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பூசாரிகூட அந்தப் பக்கம் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்தார்.

முடித்ததும் எழுந்து, வேப்பங்கொப்பை இடதுகையால் பிடித்து, வலதுகையால் வெட்டினார். ஒரே வெட்டு. கொப்பு கையோடு வந்தது. அதை மச்சான் காலடியில் போட்டார்.

மச்சான் அழுதார், பிறகு சிரித்தார், பிறகு பசிக்கிறது என்றார். வேப்பிலை அடிக்க அவசியமில்லை என்று பூசாரியும் சொல்லிவிட்டார். எல்லோரும் சாப்பிட்டோம். போகும்போது மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டு, படிச்சவங்க ஒருத்தர் பக்கத்தில் இருக்கிறது நல்லதுதான் மாப்ள என்றார். அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு காரில் ஏறினார். அண்ணியை அழைத்துப்போகிற பேச்சை அவர் பிறகு எடுக்கவேயில்லை.

கார் போனபிறகு நான் செம்பில் தண்ணீர் மொண்டு தொட்டிச் சுவரைக் கழுவப் போனேன்.

“கழுவாதீங்க தம்பி. காயட்டும்” என்றார் அண்ணி.

அடுத்த ஞாயிறு கொஞ்சம் சீக்கிரமாகவே போனேன். ஆணியில் தொங்கிய அரிவாளை எடுத்து, யாரும் பார்க்காதபோது வேலியோரம் ஒரு கருவங்கிளையை வெட்டிப் பார்த்தேன். நேராக இறங்கியது. நான் வெட்டியே நேராக இறங்கியது என்றால் அதில் வேறு யாரும் இல்லை என்று அடித்துச் சொல்லலாம். இவ்வளவு நாளாக இருந்தது ஒரு சரிவுதான், அது போய்விட்டது. நான் படித்ததெல்லாம் சரி. பெருமையாக இருந்தது. கூடவே, வீட்டில் ஒரு சாமானை யாரோ எடுத்துப்போய்விட்ட மாதிரியும் இருந்தது.

அண்ணி வந்தார். தழை வெட்டவேண்டும், ஆடு கத்துகிறது என்று கை நீட்டினார். அரிவாளைக் கொடுத்தேன்.

அவர் அதை இடதுகையில் வாங்கிக்கொண்டார்.

வாதநாராயணன் மரத்தடிக்குப் போய், துண்டைத் தலையில் இறுக்கிக்கொண்டு, இடதுகையால் வெட்டத் தொடங்கினார். இப்போது அந்த இரும்பு எந்தக் கைக்கும் பொதுவானது. வலதுகையால் வெட்டினாலும் கேட்கும். அவருக்கு அது தெரியாதா? ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். கை பழகிவிட்டது என்று சொல்வார். சொன்னால் நம்பிவிடுவேன். அதனால் கேட்கவில்லை.

“கெளைய வந்து புடிங்க தம்பி, ஆடுது” என்றார், திரும்பிப் பார்க்காமல்.

இடதுகைக்காரர் வெட்டும்போது துணைக்கு நிற்கிற ஆள் எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்பது, சின்ன வயதில் அண்ணன் வெட்டும்போது பக்கத்தில் நின்ற என் காலுக்குத் தெரிந்திருந்தது. அங்கே போய் நின்று கிளையைப் பிடித்துக்கொண்டேன்.